மூத்தவள்மேல் துரு

பிப்ரவரி 3

அன்புள்ள கோதுமைக்காரிக்கு,

நலம். இருமல் விட்டதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நம் மூத்தவளுக்குத் துரு நோய் வந்துவிட்டது. வெளியூர் வயல் ஒன்றிலிருந்து வந்த இலையில் புது வகைத் துருப் பூஞ்சை இருந்தது. கண்ணாடி வீட்டில் எல்லாக் கோதுமை ரகங்களின் நாற்றுகள்மேலும் அதைத் தூவிச் சோதித்தேன். அவள் இலை முழுக்க ஆரஞ்சுப் பொடி. மதிப்பெண் நாலு. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நாலு வாங்கினால் என்னவோ, எங்களிடமும் நாலு என்றால் அதுதான்.

திரும்பவும் செய்து பார்த்தேன். மாற்றமில்லை. பதினொரு வருடமாக நீ வளர்த்த ரகத்தை இனி விவசாயி கையில் கொடுக்க முடியாது. உதவியாளர், "சார், சாப்பிடப் போங்க" என்றார். போனேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் துருக்காரன்

பிப்ரவரி 11

அன்புள்ள உங்களுக்கு,

இருமல் விட்டது. வேறு மகரந்தம் படாமலிருக்கக் கதிர்களுக்குக் காகித உறை மாட்டும்போது உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு மீதி உறைகளையும் மாட்டினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் நம் குழந்தை வயிற்றிலேயே போனபோது ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் ஃபோனில் சொன்னேன்: "நீங்க இப்ப வராதீங்க. உங்க துணியில துரு ஒட்டிக்கிட்டு வந்தா என் வயல் போயிடும்." நீங்கள் வரவில்லை. அறுவடை முடிந்து வந்தீர்கள். வாசலில் செருப்பை விட்டு, குளித்து, துணி மாற்றிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். அந்தப் பருவத்தில் என் வயலில் தேறிய கோதுமை வரிசைக்கு மூத்தவள் என்று பெயரும் வைத்தீர்கள். நான் சொன்னதைத்தான் கேட்டீர்கள், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் வந்திருக்கலாம்.

பிறகு ஒவ்வொரு பருவமும் அதே தடை. ரகம் வெளியானதும் ஒரே வீட்டில் இருப்போம் என்றீர்கள். இப்போது என் வயலில் காப்பாற்ற ஒன்றுமில்லை. இந்த வாரமே வாருங்கள். செருப்பைக்கூடக் கழுவ வேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.

உங்கள்,
கோதுமைக்காரி

பிப்ரவரி 20

அன்புள்ள கோதுமைக்காரிக்கு,

பெட்டியில் துணி எடுத்து வைத்துவிட்டேன், சத்தியமாக. புறப்படும் முன் கண்ணாடி வீட்டைப் பூட்டப் போனேன். கடைசித் தொட்டியில் ஒரே ஒரு நாற்று, அவள் விதைதான், இலையில் ஒரு புள்ளி இல்லை! வேறு விதை கலந்திருக்கலாம். இருந்தாலும் விட மனசு வரவில்லை. உதவியாளரிடம் விட்டால் தண்ணீரை ஊற்றியே கொன்றுவிடுவார்.

விதை முற்றியதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நீதானே சொல்வாய்? மூத்தவள் நம்மை விட்டுப் போகவில்லை, பார்.

இப்படிக்கு,
உன் துருக்காரன்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

செடி நன்றாக வளரட்டும். மனதாரத்தான் எழுதுகிறேன்.

மாற்றல் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். மலைப்பக்கத்து நிலையம். அங்கே கோதுமை இல்லை, உருளைக்கிழங்குதான். நேற்று வயலை உழச் சொல்லிவிட்டேன். டிராக்டர்காரர், "கதிர் வந்த பயிரும்மா, எப்படி மனசு வருது?" என்று வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். ஓட்டுங்கள் என்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. வாசலில் நீங்கள் மாற்றிக்கொள்ளும் துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நான் இருக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் செடிக்கு வேறு பெயர் வையுங்கள்.

இப்படிக்கு,
நான்