பலாமரத்து வளைவுக்கு மேலே

என்னை மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிட்ட மச்சானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். நான் காலையில் ஏற்காடு ஏரியைச் சுற்றி நடக்கிறேன்.

"மலைக்காரனுக்கு எதுக்கு மாப்ள வாக்கிங்கு? அதெல்லாம் சேலத்துலிருந்து வர்றவிங்க பண்றது" என்று ஜீப் ஸ்டாண்டில் சொல்வீர்களே, அதையே நானும் நம்பினேன். மாரமங்கலத்திலிருந்து மிளகு மூட்டை சுமந்து நடந்த குடும்பம் நம்முடையது, நமக்கு எங்கே கொழுப்பு ஒட்டப்போகிறது என்று. ஆனால் நடந்தவர்கள் நம் அப்பாக்கள். நாம் பொழுதெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தொந்தி ஸ்டியரிங்கில் இடித்தபோது நீங்கள் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டீர்கள். நானும் தள்ளிக்கொண்டேன்.

உங்கள் நெஞ்சு திடீரென்று நின்றுபோன மறுநாள், உங்கள் காப்பிக் காட்டு மேட்டுக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே ஜீப் ஏறாது. தங்கச்சி புருஷன் என்று பாடையின் முன்பக்கம் என்னை நிறுத்தினார்கள். பாதி மேடுகூடத் தாண்டவில்லை. பலாமரத்து வளைவில் மூச்சு இரைத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. உங்களை இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் குடும்பத்தில் பாடையோடு வரும் பெண்கள் அந்த வளைவோடு திரும்பிவிடுவது வழக்கம். உங்கள் தங்கச்சி செல்வி அங்கேதான் நின்றிருந்தாள். அண்ணன் மேலே போவதைப் பார்க்காமல், முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் சொன்னாள்: "எங்கண்ணனுக்கு அழுவறதா, உங்களப் பாக்கறதான்னே தெரியலைங்க. இன்னொருக்கா என்னால தாங்க முடியாதுங்க." சொன்னாளே தவிர, அன்றும் அழவில்லை. பிறகும் அழவில்லை. உங்கள் பேச்சை எடுத்தாலே என் முகத்தைத்தான் பார்ப்பாள். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று.

அதனால்தான் நடக்க ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏரியைச் சுற்றி முடித்ததும் கரையில் சூடாக மிளகாய் பஜ்ஜி, சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி. அதுதான் நடந்தாயிற்றே என்ற தைரியம். ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் கூடியிருந்தது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். "நடந்து முடிச்சதும் என்னங்க சாப்படறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நடந்து கரைச்சதுக்கு மேலயே உள்ள போட்டிருக்கறீங்க. பஜ்ஜிய உடுங்க. கொஞ்சம் மூச்சு வாங்கற மாதிரி வேகமா நடங்க, ஆனா பேச முடியோணும். ஒரு நாள் நடந்து நாலு நாள் படுத்துக்கறது ஆகாதுங்க."

விட்டேன், மச்சான். பஜ்ஜியை விட்டதில் எனக்கு வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். பனியில் காது அடைக்க, மாதக்கணக்கில் நடந்தேன். தராசு முள் பேருக்குத்தான் அசைந்தது. "இதுக்குத்தானுங்களா இந்தக் குளிர்ல நடக்கறேன்?" என்று கோபமாகவே கேட்டேன். டாக்டரம்மா டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றி அளந்தார்.

"வெறும் நடையில எடை நொம்ப எறங்காதுங்க. சோத்தையும் கொறைச்சாத்தான் எறங்கும். ஆனா வயித்துக் கொழுப்பு கரைஞ்சிருக்கு பாருங்க. வருஷா வருஷம் ஏறிக்கிட்டிருந்த எடையும் ஏறாம நிக்குது. வயித்துக் கொழுப்பத் தராசு தனியாக் காட்டாதுங்க."

இடுப்பு குறைகிறதோ என்று எனக்கும் அதற்கு முன்பே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. ஜீப் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

போன வாரம் உங்கள் வருஷத்துக்குச் சாமி கும்பிட மேட்டுக்கு வந்தோம். தண்ணீர்க் குடத்தை நான்தான் தோளில் எடுத்துக்கொண்டேன். செல்வி எனக்கு முன்னால் போய்ப் பலாமரத்தடியில் நின்றுகொண்டு, "உக்காந்துட்டுப் போலாம், வாங்க" என்றாள். "வேண்டாம், நீ வா" என்று சொல்லிவிட்டு நான் ஏறினேன். மூச்சு வாங்கியது. ஆனால் பேச முடிந்தது.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் வரவில்லை. நான் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். அழுதுகொண்டிருந்தாள், மச்சான். ஒரு வருஷம் கழித்து, உங்களுக்காக.

"எங்கண்ணனும் இப்பிடி நடந்திருந்தா இருந்திருப்பாருங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார். உங்களுக்காவது தெரியுமா? அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று அவள் ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாளைக்கும் நடப்பேன். எடை இறங்கினாலும் இறங்காவிட்டாலும் நடப்பேன். அடுத்த வருஷமும் அந்த மேட்டுக்குக் குடம் என் தோளில்தான் வரும், உங்கள் தங்கச்சியைத் தனியாக ஏறவிட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்ட,
உங்கள் தங்கச்சி ஊட்டுக்காரன்