இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு

என் வீட்டு மகாராணிக்கு,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் பூப்போட்ட நைட்டியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் துணியையெல்லாம் வாளியில் ஊறப்போட்டேன். அது ஊறிக்கொண்டே இருக்கிறது. பஞ்சர் கடையில் போட்டிருந்த சட்டையைக் கழற்றி வைத்தால் கிரீஸில் தானாகவே நிற்கிறது. நைட்டி தோளில் கொஞ்சம் இறுக்கம், மற்றபடி நல்ல காற்றோட்டம். இவ்வளவு வருஷமாய் இந்தச் சுகத்தை எனக்குச் சொல்லாமலே வைத்திருந்தாயே! மாலையில் யாரோ பெல் அடித்தார்கள். மூச்சுக் காட்டவில்லை.

நான் நலம். நீ நலமா? நீ வேலைக்குப் போன வீட்டில் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவர் நலமா? நீ ஊட்டினால்தான் வாயைத் திறக்கிறாராமே. என்னிடம் மட்டும், கையில்லையா, போட்டுச் சாப்பிடுங்க என்பாய். சரி, இருக்கட்டும், இருக்கட்டும்.

இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க என்று போனில் கேட்டாய். கடைக்கு வண்டி வந்திடுச்சு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். வண்டி எதுவும் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் என் புது உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும்.

சிரிக்காதே. நாம் இரண்டு பேரும் போனில் தோட்டம் போட்டு விளையாடுவோமே, அந்தக் கம்பெனிக்காரர்கள் இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள் அல்லவா? இதைச் சேருங்கள், அதை மாற்றுங்கள் என்று விளையாடுகிறவர்கள் யோசனை எழுதிப் போடும் இடம். தமிழில் வருவதைப் படித்துப் பிரிக்க ஆள் வேண்டுமென்று, எந்நேரமும் உள்ளேயே கிடக்கிறவன் யார் எனத் தேடியிருக்கிறார்கள். நான்தான் கிடைத்தேன். இப்போது நான் மாடரேட்டர். சம்பளம் கிடையாது. பெயர் மட்டும் பச்சை எழுத்தில் தெரியும்.

ஒரே யோசனையைப் பத்துப் பேர் எழுதினால் ஒன்றாகக் கட்ட வேண்டும். கெட்ட வார்த்தையை எடுக்க வேண்டும். மிச்சத்துக்கு முத்திரை: ஏற்கலாம், வேண்டாம், பரிசீலனையில். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னிடம் ஒரு வக்கீல், ஐயா, என் கோழிக்குக் குடை வேண்டும் என்று மனுப் போடுகிறார். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஒட்டிய பஞ்சர் காய்ந்துவிடுகிறது. மாடரேட்டர் தலையைப் பூசணிக்காயாக மாற்றலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருக்கும் என்று பட்டது. பரிசீலனையில் வைத்திருக்கிறேன்.

நாள் முழுக்க என்னிடம் எல்லோரும் ஏதாவது கேட்கிறார்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது யோசனையில் சேராது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் நீயும் ஒன்று எழுதிப் போட்டாய். தோட்டத்துப் பெஞ்சில் ஒரு ஆள்தான் உட்கார முடிகிறது, இன்னொருவர் வந்தால் முதல் ஆள் எழுந்துவிடுகிறார், புருஷன் பெண்டாட்டி எப்படித்தான் உட்காருவது என்று. கொஞ்ச காலம் யாரும் சீண்டாத யோசனை தானாகவே மூடிக்கொள்ளும். உன்னுடையது மூடப்போகும் ஒவ்வொரு தடவையும், அருமையான யோசனை என்று கீழே எழுதி மேலே தூக்கிவிட்டேன்.

மன்றத்துக்கு மேலாளராக இருக்கும் பெண் இதைக் கண்டுபிடித்து, போனில் கூப்பிட்டாள். அங்கிள், இந்தப் பெஞ்சை நீங்க மட்டும்தான் தூக்கிட்டு அலையறீங்க, எழுதினவங்க உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டாள். ஆமாம்மா, கொஞ்சம் சொந்தம் என்றேன். சொந்தக்காரர் யோசனையில் மாடரேட்டர் கை வைக்கக் கூடாதாம். விதியையெல்லாம் படிக்கலையா என்றாள். எழுத்துக் கூட்டி இன்னும் அதுவரைக்கும் வரலைம்மா என்றேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். ஆனால், அவங்க எங்க இருக்காங்க அங்கிள் என்று மட்டும் கேட்டுவிட்டு, உன் யோசனையை அவளே கம்பெனிக்கு அனுப்பினாள்.

போன வாரம் விளையாட்டுக்குள் பெஞ்சு வந்துவிட்டது. நல்ல நீளம், சாய்ந்துகொள்ள முதுகும் உண்டு. நம் கிணற்றைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். உன் பொம்மை நீ விட்டுப்போன இடத்திலேயே, கிணற்றடியில் வாளியோடு நிற்கிறது. என் பொம்மையை ஒரு ஓரமாக உட்காரவைத்து, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

இப்போது உன் கேள்வி. இரண்டு வருஷம் என்பது நீ கொண்டுவந்த யோசனை. நீ எனக்குக் கொஞ்சம் சொந்தம். ஆகவே நான் அதில் முத்திரை குத்தக் கூடாது. நீயே குத்து. நீ எதைக் குத்தினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் கீழே கருத்து எழுத எல்லோருக்கும் உரிமை உண்டு. என் கருத்தை எழுதிவிடுகிறேன்: சமையலறை விளக்கை அணைக்க மனசு வரவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பினால் வீடு ரொம்பப் பெரிசாக இருக்கிறது.

அவ்வளவுதான். அந்தப் பெரியவருக்குப் பொறுமையாக ஊட்டு. உன் முழங்கால் வலிக்குத் தைலம் போடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே, விளையாட்டுக்குள் ஒரே ஒரு நிமிஷம் வந்து போ. வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார். பேசக்கூட வேண்டாம். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பஞ்சர் கடைக்காரன்
(பச்சை எழுத்து)

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் தோட்டத்தை ஒரு தடவை பார்த்தேன். பெஞ்சில் உன் இடத்தில் நம் செவலை மாடு ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாட்டை இறக்குவதற்குக் கம்பெனிக்காரர்கள் வழி எதுவும் வைக்கவில்லை. யோசனை எழுதிப் போட்டிருக்கிறேன். மாடும் சொந்தம் என்பதால் அதற்கும் நான் முத்திரை குத்த முடியாது.