ஆறு பெயர்களை நிறுத்தினேன்

ரமலான் பிறை 9, வெள்ளி

காலை முழுக்கப் பனிமூட்டம். துவைத்தது காயவில்லை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் எடுத்து வைத்தாயிற்று.

மகள் பர்வீனுக்குத் திங்கள் காலை பத்து மணிக்கு ஆன்லைன் தேர்வு. தேறினால் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி வேலை. இல்லாவிட்டால் பழனியிலிருந்து வந்த மாப்பிள்ளை வரன். அவள் அத்தா, என் வீட்டுக்காரர், கடைக்குக் கிளம்பும்போது சொன்னது: "இத்தோட சரி. இதுவும் ஆகலைன்னா அவங்கள வரச்சொல்லிருவேன்." அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

லேப்டாப்போ இழுக்கிறது. நாலு ஜிபி. உள்ளே ஓடுவதெல்லாம் பட்டியலாக வரும் இடம் ஒன்று உண்டு, யூடியூபில் கற்றது. நோட்டில் எழுதிக்கொண்டேன். திறந்திருப்பது பிரவுசர் ஒன்றுதான். பட்டியலில் அதே பெயர் பதினொரு தடவை. மெமரி 86 சதவீதம். ஒரு வீட்டுக்குப் பதினொரு ரேஷன் கார்டா?

பிறை 10, சனி

வெயில் லேசாக. ரிப்பேர்க் கடை முருகேசனிடம் கேட்டேன். சிரித்தார்.

"பூண்டை எப்பிடிக்கா வைப்பீங்க? ஒரே குமியலாவா?"

"கட்டுக் கட்டாத் தொங்கவிடுவோம். ஒண்ணு அழுகுனா மத்ததுக்குப் பரவும்ல."

"அதேதான். ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கட்டாப் போட்டுருக்கான். ஒண்ணு செத்தாலும் மத்தது நிக்கும். கட்டு கூடுனா எடமும் கூடப் பிடிக்கும், வேற வழியில்ல."

மூடிய பிறகும் ஏன் ஓடுகின்றன? சில, கூப்பிட்டதும் சட்டென்று வரக் காத்திருக்குமாம். சில, புதுசு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். காலியாகக் கிடக்கிற மெமரியிலும் அடுத்த தேவைக்கு ஏதாவது எடுத்து வைத்துக்கொள்ளுமாம்.

"எதையும் நோண்டாதீங்கக்கா. இன்னொரு நாலு ஜிபி போட்டாப் போதும்."

போடக் காசு வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். "படிக்கவச்சு என்னத்தக் கண்டோம்" என்று ஆரம்பிப்பார். கேட்கவில்லை.

பிறை 11, ஞாயிறு

மதியம் லுஹர் தொழுதபின், மகள் ப. அசந்து தூங்கும்போது லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் எனக்குப் பொறுக்காது. பட்டியலில் பெயர் புரியாத ஆறை நிறுத்தினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டாலும் எழும்பாதபடி. வரிசையாக நோட்டில் குறித்தாயிற்று.

மெமரி 61. இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுதேன்.

ப. எழுந்து, "இன்னைக்கு நல்லா ஓடுதேம்மா" என்றாள். சிரித்தாள், பல நாளைக்குப் பிறகு. அப்போதே சொல்லியிருக்கலாம்.

பிறை 12, திங்கள்

தேர்வு நேரத்தில் அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாதாம். மார்க்கெட்டுக்குப் போனேன். கேரட், மல்லி, புதினா. பதினொரு மணிக்குத் திரும்பினால் ப. கட்டிலில், முகம் சுவர்ப்பக்கம். கேமரா வரவேயில்லை. முகம் தெரியாமல் உள்ளே விட மாட்டார்கள். இருபது நிமிஷத்தில் கதவை மூடிவிட்டார்கள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானம்மா இருந்துச்சு."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பின் அவள் மாடியில். நோட்டைப் பார்த்து ஆறையும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடவிட்டேன். நாலாவதில் கேமரா வந்தது. திரையில் என் முகம். மூடிவிட்டேன்.

பிறை 13, செவ்வாய்

கடுங்குளிர். கை விறைப்பு. ப. மறுதேர்வு கேட்டு மெயில் எழுதுகிறாள்.

"காரணம் கேக்குறாங்க. நீங்க எதையாச்சும் தொட்டீங்களாம்மா?"

"நானா? இல்லையே."

நோன்பு வைத்த வாய். தஸ்பீஹ் மணி எண்ணிக்கை மூன்று தடவை தவறியது. திரும்பவும் முதலிலிருந்து. கையேந்திக் கேட்க துஆ எதுவும் வரவில்லை.

பிறை 14, புதன்

பதில் வந்துவிட்டது. கேமராவை ஞாயிறு மதியமே யாரோ கையால் நிறுத்தியிருப்பது தேர்வு புரோகிராம் எடுத்துக்கொண்ட லேப்டாப் பதிவிலேயே இருக்கிறதாம். மறுதேர்வு கிடையாது. ப. இரண்டு தடவை படித்தாள். ஞாயிறு மதியம் அவள் தூக்கம். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

நோன்பு திறக்க அவள் அத்தா கடையிலிருந்து வெள்ளனே வந்துவிட்டார்.

"மெயிலு என்னாச்சு?"

"கெடைக்கலத்தா. கேமராவ நான்தான் தெரியாம நிறுத்திட்டேன்."

"நெனச்சேன். படிச்ச லட்சணம்."

நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பாங்கு, பேரீச்சம்பழம், தண்ணீர். தொழுதுவிட்டு வந்து பழனிக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கெழம வந்துருங்க. ஆமா, பொண்ணுக்கும் சம்மதந்தான்."

கஞ்சிக் கோப்பையை அவள் முன்னால் வைத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு கம்மிம்மா."

எடுத்து வந்து வைத்தேன்.