பாலத்தில் நின்ற ஜீப்பு

ஆயர் ஈத்தாம்,
பினாங்கு.
9-12-1993

அன்பு மகள் ஞானாம்பிகைக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் மெல்பர்னில் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து மாதமாகப் போனில் உனக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லிவந்தேன், மீதியை இப்போது எழுதுகிறேன். வாசித்துவிட்டுப் பதறாதே, எல்லாம் நடந்து முடிந்த விஷயம்.

அப்பா பழைய ஜீப்பு வாங்கியது உனக்குத் தெரியும், நீ வேண்டாம் என்று சொன்னதும் அவர் கேட்காததும் தெரியும். நிபோங் திபாலில் நாம் வைத்திருக்கும் செம்பனைத் தோட்டத் துண்டுக்குப் போகிற மண் பாதையில் மழை பெய்தால் நம்முடைய சின்னக் காரின் வயிறு தரையில் இழுபடும் என்பது அவர் சொன்ன காரணம், அது உண்மைதான். ஒன்பது வருஷம் ஓடின வண்டி, வாங்கின மறுவாரமே சீனி முகம்மதுவின் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். நம் வீட்டுக் கார்களை இருபது வருஷமாகப் பார்க்கிறவர் அவர். ரேடியேட்டர் குழாய்களையும் பெல்ட்டையும் மாற்றிவிட்டு, "எஞ்சின் நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா கொஞ்சம் எண்ணெ குடிக்கும். கொறைய கொறைய ஊத்திக்கிட்டே இருக்கணும், மறந்துடாதீங்கலா" என்று அப்பாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலையில் கோப்பி குடிக்கும் முன்பே முன்மூடியைத் திறந்து, எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்து, பழைய பனியனால் துடைத்து, திரும்பவும் விட்டு எடுத்துப் பார்த்து, "சரியாய்த்தான் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவார். ஏறுவதற்கு எனக்கு ஒரு முக்காலி போட வேண்டியிருந்தது என்பதைத் தவிர எனக்கும் அந்த வண்டியில் குறை இல்லை.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை நிபோங் திபாலிலிருந்து திரும்பி வரும்போது, பினாங்குப் பாலத்தின் நடுவில், எஞ்சினுக்குள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போல் சத்தம் கேட்டது. பார்த்தால் அவருக்கு முன்னால் மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. "இஞ்சேருங்கோ, அது என்ன சிவப்பு லைட்?" என்று கேட்டேன். "எந்த லைட்?" என்றார். விரலை வைத்துக் காட்டியபோதும், "அது வெயில் பட்டு மினுங்குது" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கடல், பின்னால் லொறிகள் ஹோன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரிப் போகின்றன, பாலமே ஆடுகிறது. இறங்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ரோந்து வண்டி வரும்வரை அரை மணித்தியாலம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய கை என் கையைவிடச் சில்லிட்டிருந்தது.

இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டதும் சீனி முகம்மது திறந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, மினியாக் ஹித்தாம், அதான் எஞ்சின் எண்ணெ, ஒரு சொட்டு இல்ல, எஞ்சின் காஞ்சு கெடக்கு. உள்ள இருக்கிற பேரிங் எல்லாம் போச்சு. அண்ணே தெனம் பாக்குறேன்னு சொல்றாரே, எப்படிலா?" என்றார். நானே என் கண்ணால் பார்க்கிறேன், ஒரு நாளும் தவறாமல் பார்க்கிறார் என்று சொன்னேன். அவர் அப்பாவையும் கூப்பிட்டார். பிறகு பக்கத்தில் நின்ற வேறொரு காரின் கம்பியை எடுத்து, துணியால் சுத்தமாகத் துடைத்து, அப்படியே அப்பாவிடம் கொடுத்தார். "அண்ணே, இதுல எவ்ளோ இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அப்பா அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "பாதிக்கு மேல கிடக்கு" என்றார். கம்பி பளபளவென்று வெறுமையாக இருந்தது. சீனி முகம்மது கம்பியை வாங்கிக்கொண்டு, "கோப்பி சொல்றேண்ணே, உக்காருங்க" என்று மட்டும் சொன்னார். ஆனால் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. வெளியே போய் அங்கே கிடந்த ஒரு டயரின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் நான்தான் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டேன், கண் தெரியாமல்தான் இத்தனை நாளும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினீர்களா என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார், போன தைப்பூசத்திலிருந்தே எல்லாம் பனிமூட்டம் மாதிரித்தானாம், எதிரே வருகிற வண்டியின் விளக்கு கண்ணுக்குள்ளே வெடித்துச் சிதறுமாம், முன்னால் போகிற லொறியையே குறியாக வைத்து அதன் பின்னாலேயேதான் ஓட்டுவாராம். மார்க்கெட் முனையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் தானாக வந்து உரசினான் என்று எனக்குச் சொல்லியிருந்தார், அதுவும் இவர் காணாமல் திருப்பினதுதானாம். அந்த மனிதனுக்குக் காயம் ஒன்றும் இல்லை, அது நாம் செய்த புண்ணியம். ஏன் மறைத்தீர்கள் என்றதற்கு, "சொன்னால் சாவியை வாங்கிப் போடுவாய். பிறகு நானும் இந்த வீட்டில கிடக்கிற கதிரை மேசை மாதிரித்தானே, கமலா" என்றார். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் திட்டுவதை நிறுத்தினேன். சாவியை மட்டும் வாங்கி என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றிவிட்டது என்றார். எஞ்சின் வேலை முடிய ஐந்து வாரம் ஆனது, அதன் பிறகு வண்டி வாசலில் சும்மா நின்றது. செம்பனையை யார் பார்ப்பது, அப்பாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? கல்யாணத்துக்கு முன் நான் எடுத்த லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது, ஆகவே ஐம்பத்தேழு வயதில் திரும்பவும் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். முதல் தடவை சோதனையில் மேட்டில் வண்டி பின்னால் உருண்டு தோற்றேன். இரண்டாவது தடவை தீபாவளி முடிந்த வாரத்தில் தேறினேன், சிரிக்காதே. இப்போது கம்பியை நான்தான் பார்க்கிறேன். சமமான தரையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், பழுது பார்த்த எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது, அது முடிந்ததும் எண்ணெயை முழுதாக மாற்ற வேண்டும் என்று சீனி முகம்மது சொல்லித் தந்திருக்கிறார். நீங்களும் அங்கே உங்கள் காரைக் கவனியுங்கள், சர்வீஸ் நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் ஆப்பரேஷன் செய்தார்கள். மறுநாள் கட்டுப் பிரித்ததும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா நம் ஜீப்பைத் தாண்டி நடந்துபோய், கார்கள் நிற்கிற இடமெல்லாம் தேடிவிட்டு, "எங்கட ஜீப்பு எங்க?" என்றார். இதோ என்று காட்டினேன். கிட்ட வந்து கையால் தடவிப் பார்த்தார். "இது நீலமெல்லோ! நான் பச்சை எண்டு நினைச்செல்லோ வாங்கினனான்" என்றார். உனக்கும் பச்சை ஜீப்பு என்றுதானே போனில் சொல்லியிருப்பார். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார், நான் வாய்த் தவறு என்று விட்டுவிட்டேன், என்மேலும் பிழை இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று இருவரும் சிரித்தோம், பாலத்தில் நின்ற நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரிப்பதைப் பார்த்தேன். இடது கண் பெப்ருவரியில். அது முடிந்து டாக்டர் சரி என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால் சாவியைக் கொடுப்பேன், தராவிட்டால் கொடுக்க மாட்டேன், அதை அவரிடமே சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.

உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் கிடைக்க அம்மாவின் ஆசீர்வாதம், அங்கே இப்போது வெயில் காலம், வெளியே போகும்போது தலையை மூடிக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ எழுதுகிற கடிதத்தையெல்லாம் இந்த ஒரு வருஷமாக அவர், "நீ வாசி, நான் கேக்கிறன்" என்று என்னிடமே தந்துவிடுவார், அவருக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அப்பா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நான் பிரிக்க மாட்டேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
கமலாம்பிகை விஸ்வலிங்கம்