உங்கள் ஆறு மணி, எங்கள் ஏழரை மணி

அல் குசைஸ், துபாய்
4.1.2026

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் சொன்னபடியே தாளில் எழுதி, அதைப் படமெடுத்து போனில் அனுப்புகிறேன்.

ஒரு உதவி வேண்டும். வரும் 17ஆம் தேதி, சனிக்கிழமை, ராஸ் அல் கைமா மலையில் ஒரு குகைக்குப் போகிறோம். குகையின் அடியில் முழுக்கத் தண்ணீர் நிறைந்த ஒரு வழி இருக்கிறது. அதற்குள் முங்கிப் பார்க்கப்போகிறவர் செய்கு அலாவுதீன். கீழக்கரைக்காரர், புஜைரா துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்கிறவர். நான் முங்கப்போவதில்லை, கவலை வேண்டாம். நானும் கேரளத்துக்காரர் இருவரும் அவருக்கு வேண்டிய காற்று சிலிண்டர்களைச் சுமந்து இறங்குவோம். அவர் திரும்பும்வரை தண்ணீர் ஓரத்தில் காத்திருப்போம்.

உள்ளே போன் எடுக்காது. அதனால் குகைக்குள் போகிறவர்கள் வெளியே ஒருவரிடம் ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதற்குள் செய்தி வராவிட்டால் அவர் ஆள் அனுப்ப வேண்டும். எப்போதும் உங்கள் மாப்பிள்ளை சுரேஷ்தான் அதைச் செய்வார். அன்று அவருக்கு டியூட்டி, எண்ணெய்த் தொட்டி வளாகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. நீங்கள் இருப்பீர்களா? நேரம் மாலை ஆறு மணி. கூப்பிட வேண்டியது கார்மேகத்தை. மலையடியில் கல் குவாரியில் வேலை, கேம்ப் வாசம். பிக்கப் வண்டியும் கயிறும் அவர் கையில் உண்டு. எண் கீழே.

அன்புள்ள,
ஜெயபாரதி


புத்தூர், திருச்சி
6.1.2026

சௌபாக்கியவதி ஜெயபாரதிக்கு அம்மா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. படத்தின் ஓரத்தில் உன் கட்டைவிரல் கடைசி இரண்டு எண்களை மறைக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட எண்ணை இப்படியா அனுப்புவது? மறுபடி அனுப்பு.

நாற்பத்து நான்கு வயதில் சிலிண்டர் சுமந்து பாதாளத்தில் இறங்குவதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நீ கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. மாப்பிள்ளை சம்மதித்தாரா என்றும் கேட்கமாட்டேன்.

நான் இருப்பேன். உங்கள் ஆறு மணி, எங்கள் ஏழரை மணி. இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவர்க்கடிகாரத்தின் கீழ் ஒட்டிவிட்டேன். நான் படித்த கான்வென்டில் மதர் கிளாரா எனக்குப் பள்ளி மணி அடிக்கும் வேலையைத் தந்தபோது மூன்று வருடத்தில் ஒரு நாளும் பிசகவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்கு அங்கே எத்தனையோ சிநேகிதிகள். ஏன் என்னை?

ஆசிகளுடன்,
பிரபாவதி கோபாலசாமி


அல் குசைஸ்
9.1.2026

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எண்ணை மறுபடி எழுதியிருக்கிறேன், விரல் இல்லாமல்.

ஏன் உங்களை என்று கேட்டீர்கள். சொன்ன நேரத்துக்கு முன்னால் கூப்பிட்டால் நாலு பேர் வீணாக மலை ஏறுவார்கள். பின்னால் கூப்பிட்டால் எங்களுக்கு ஆபத்து. ஒரு நிமிடம் முன்னும் அசையாத, ஒரு நிமிடம் பின்னும் தாமதிக்காத மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்புள்ள,
ஜெயபாரதி


அல் குசைஸ்
19.1.2026

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் 'வந்துவிட்டோம்' என்று மட்டும் சொன்னேன். மீதியை எழுதச் சொன்னீர்கள்.

குகை வாயிலிலிருந்து கிணறு போல ஒரு பள்ளம், ஆறு ஆள் ஆழம். கயிற்றில் இறங்கினோம். பிறகு ஊர்ந்து போகிற ஒரு வழி. ஒவ்வொரு சிலிண்டரையும் கைக்குழந்தையை நகர்த்துவது போல ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிக் கொடுத்தோம். தண்ணீர் ஓரத்தில் என் வேலை கடிகாரம் பார்ப்பது. அலாவுதீன் முங்கியது பன்னிரண்டே கால். ஒன்றரைக்குள் வர வேண்டும். ஒன்று இருபத்தாறுக்குத் தலை தெரிந்தது. உதடு நீலம், ஆனால் சிரிப்பு. "உள்ள இன்னொரு மண்டபம் இருக்குக்கா! நம்ம ஊரு கல்யாண மஹால் கணக்கா!" என்றார். "அப்ப அடுத்த தடவ பிரியாணி உண்டா பாய்?" என்று கேரளத்துக்காரர்கள் கேட்டார்கள். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

திரும்பும்போது முதலில் ஏறியவர் இரண்டு ஆள் உயரம் போவதற்குள் மேலே விளிம்புக் கல் பெயர்ந்து கயிற்றை அறுத்துக்கொண்டு விழுந்தது. அவர் என்மேல் விழுந்தார். அவருக்குச் சிராய்ப்பு, என் கணுக்கால் முறிந்தது. மணி நாலுக்குப் பத்து நிமிடம். நான்கு பேரும் கீழே, கயிறு இல்லை. ஆறு மணிக்கு அம்மா கூப்பிடுவார், ஏழு மணிக்கு ஆள் வரும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தோம்.

ஐந்தே காலுக்கு மேலிருந்து குரல். "எக்கா! உசுரோட இருக்கீகளா?" கார்மேகமும் குவாரி ஆட்கள் மூன்று பேரும். எங்களைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தாக்குப் பாதையை நாங்கள் கடந்த கால் மணி நேரத்தில் அங்கே வெள்ளம். பாறை உருண்ட சத்தம் கேம்ப் வரை கேட்டது. நீங்கள் ஆறு மணிக்குக் கூப்பிட்டிருந்தால் அவர்களால் ஏறி வந்திருக்க முடியாது. தண்ணீர் நாங்கள் இருந்த பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கும்.

வாழ்க்கையில் முதல்முறையாக நீங்கள் நேரத்தைப் பிசகிவிட்டீர்கள். இந்திய நேரம் ஆறுக்கே கூப்பிட்டுவிட்டீர்கள். "ஒங்க அம்மாவுக்கு நேர வித்தியாசம் தெரியலக்கா, அந்த மகராசி நல்லா இருக்கணும்" என்றார் கார்மேகம். நாங்கள் நான்கு பேரும் அந்தப் பிசகுக்கு நன்றி சொல்கிறோம். அலாவுதீன் வீட்டில் உங்களுக்காகத் துவா செய்தார்களாம்.

காலில் கட்டு. சுரேஷ் சமைக்கிறார், அதுதான் இப்போது பெரிய ஆபத்து.

அன்புள்ள,
ஜெயபாரதி


புத்தூர், திருச்சி
22.1.2026

என் அருமை ஜெயபாரதிக்கு,

காலை உயரத்தில் வைத்துக்கொள். மாப்பிள்ளைக்கு ரசம் வைக்கும் முறையைத் தனியாக எழுதியிருக்கிறேன். கார்மேகத்திடம் போனில் விலாசம் வாங்கி, கமுதியில் இருக்கும் அவர் மனைவி நாகவள்ளிக்கு நேற்று ஒரு கடிதம் போட்டேன். தன் கணவர் என்ன செய்தார் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிய வேண்டும். அங்கிருந்து அவர் அடக்கமாக இரண்டு வரிதான் சொல்லியிருப்பார். அவருடன் வந்த மூன்று பேரின் பெயரை எழுதி அனுப்பு. நன்றியைப் பெயர் இல்லாமல் சொல்லக் கூடாது.

நீங்கள் எல்லாரும் என் பிசகைக் கொண்டாடுகிறீர்கள். அதை அப்படியே விட்டுவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். முடியவில்லை.

எனக்கு நேர வித்தியாசம் தெரியும். என் ஆறாம் தேதிக் கடிதத்தை எடுத்துப் பார். சீட்டு இன்னும் கடிகாரத்தின் கீழேதான் இருக்கிறது.

அன்று மாலை ஐந்தரையிலிருந்தே என்னால் உட்கார முடியவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. காப்பி போட்டுக் குடிக்காமல் ஊற்றினேன். ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். "மணி நாலரைதானம்மா ஆகுது, இன்னும் ஒண்ணரை மணி நேரம் கெடக்கே. அக்கா ஆறுன்னுல்ல சொன்னாக" என்றார் கார்மேகம். "என் கடிகாரத்தில் ஆறு ஆகிவிட்டது தம்பி, கிளம்புங்கள்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? ஒரு கிழவிக்கு மனசு சரியில்லை, மலை ஏறுங்கள் என்றா? கடிகாரத்தின் மேல் பழியைப் போட்டுப் பொய் சொன்னேன். ஒன்றும் நடந்திராவிட்டால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள் என்று தோன்றியது.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அப்படித் தோன்றவில்லை.

உன் அப்பா அன்று முக்கொம்பு மதகைப் பார்வையிடப் போனார். ஒரு மணிக்குச் சாப்பிட வருவேன் என்றார். பதினொன்றரைக்கே எனக்கு இதே பதற்றம். பக்கத்து வீட்டில் ஜீப் டிரைவர் கல்யாணசுந்தரம் சும்மாதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போய்ப் பார்த்திருப்பார். எஞ்சினியர் மனைவி வேளை வருவதற்குள் ஆள் அனுப்பினாள் என்று ஆபீசில் கேலி பேசுவார்களே என்று இலை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி அடித்த பிறகு அனுப்பினேன். அவர் மதகு அறையில் பன்னிரண்டு மணியிலிருந்து நெஞ்சைப் பிடித்தபடி கிடந்திருக்கிறார். காரியத்துக்கு ஹாஸ்டலிலிருந்து வந்த நீ என்னிடம் கேட்டாய்: "மணி அடித்தால்தான் உங்களுக்குப் பதறுமா?" முன்னாலேயே பதறியது என்று சொன்னால், பிறகு ஏன் அனுப்பவில்லை என்று கேட்பாய். பதறவே இல்லை என்று நீ நினைத்துக்கொள்வது மேல் என்று விட்டுவிட்டேன்.

'ஒரு நிமிடம் முன்னும் அசையாத' என்று நீ எழுதியபோது எனக்குப் புரிந்தது. அந்த வரிக்கு நான் கோபப்படவில்லை. அந்த வேலையை எனக்குத் தந்தாயே, அதற்கு நன்றி. இன்னொரு முறை உட்கார்ந்து காத்திருக்க யாருக்கு வாய்க்கும்?

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்பதில்லை.

உன் அம்மா


அல் குசைஸ்
1.2.2026

அம்மா,

கடிதத்தைச் சுரேஷிடம் கூடக் காட்டவில்லை. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

அந்த மூவர் பெயர்: ஐயப்பன், பலராமன், ஹமீது. நாகவள்ளி உன் கடிதத்தைக் கார்மேகத்துக்குப் போனில் படித்துக் காட்டினாராம். இரண்டு நாளாகக் கேம்பில் அதே பேச்சு.

கால் கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம். ரசம் தேறிவிட்டது.

ஏப்ரலில் அலாவுதீன் அந்த மண்டபத்தை மறுபடி பார்க்கப் போகிறார். நானும் போவேன், சிலிண்டர் தூக்கமாட்டேன். சீட்டைக் கடிகாரத்தின் கீழேயே வைத்திரு. நேரம் அதே ஆறு மணிதான். ஆனால் கார்மேகத்திடம் சொல்லிவிட்டேன். "எங்க அம்மா எப்பக் கூப்பிட்டாலும் மணி என்னன்னு கேக்காதீங்க" என்று.

மார்ச்சில் வருகிறேன். எத்தனை மணிக்கு வீடு சேர்வேன் என்று சொல்லமாட்டேன். நீ வாசலில் நிற்காதே, முழங்கால் வலிக்கும்.

ஜெயா