மூடி எழும்பிய பெட்டி

ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை இரவு

மகள் கௌரி சின்ன அறையில் நான்கு பாம்புகளைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் வளர்க்கிறாள். பெட்டிகளுக்கு அடியில், அவற்றுக்குச் சூடு கொடுக்கும் மின்விரிப்பு எப்போதும் வேலை செய்ய வேண்டுமாம். காலையில் கோயிலுக்குப் புறப்படும்போது வழக்கம்போல் வீட்டின் சுவிட்சுகளையெல்லாம் அணைத்தேன். அந்த விரிப்பின் சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிட்டேன்.

மாலையில் ஒரு பெட்டியின் மூடி மூலையில் எழும்பியிருந்தது. உள்ளே பாம்பு இல்லை.

"அம்மா, சுவிட்சை நிப்பாட்டினீங்களோ?"

"உன்ரை பாம்புப் பெட்டியளை நான் ஏன் தொடப்போறன்? மூடியை ஒழுங்காய்ப் பூட்டப் பழகு."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஓம், நான்தான் சரியாய்ப் பூட்டேல்லைப் போல. பயப்படாதேங்கோ, விஷமில்லை. குளிர்ந்தால் சூடான இடமாய்ப் பார்த்துப் போகும், அவ்வளவுதான்."

கீழே இன்னும் சோபாவைப் புரட்டித் தேடுகிறாள். அழுகிறாள் போலும். இறங்கிப் போய் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் ஆறிவிட்டன. இப்போது வீட்டில் சூடாக இருப்பது, மாலையே நான் சுவிட்சைப் போட்டுவைத்த, என் கட்டிலில் கிடக்கும் மின்போர்வை ஒன்றுதான். நாற்காலியில் இருந்தே எழுதுகிறேன். காலையில் கட்டிலைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டுத்தான் போனேன். கால்மாட்டில் ஒரு மேடு தெரிகிறது.