கடல் இருந்த பக்கம்

காரைக் கழுவக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது, இருக்கைகளுக்கு அடியில் கிடந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டு நீட்டினார்கள். பேனா மூடி, ஹேர் கிளிப், ஒரு பிடி காய்ந்த புல். புல்லை எறிந்துவிடவா என்று கேட்டார் அந்த ஆள். பிடுங்காத குறையாக வாங்கி முகர்ந்து பார்த்தேன். வாசனை இன்னும் போகவில்லை. நம் ஊரில் குதிரை மசால் என்பார்களே, அது. குதிரைத் தீனி என்றால் களை விதை கலக்காத புல் மட்டும்தான் கேம்ப்புக்குள் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று லிவர்மோர் வரை அலைந்து ஒரு கட்டு வாங்கி, என் கார் டிக்கியில் திணித்தாயே, அதிலிருந்து உதிர்ந்தது. "உன் கார்தான் பெருசு, நாறினா நாறட்டும்" என்றாய். நாறத்தான் செய்கிறது. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. கார் கழுவும் இடத்தில் நின்று புல்லை மூக்கில் வைத்துக்கொண்டு அழுத பெண்ணை அந்த ஆள் என்னவென்று நினைத்தாரோ தெரியவில்லை.

உனக்குக் குதிரைப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். ஐம்பதை நெருங்கினால் நம் ஆட்களில் ஒருத்தி மாரத்தான் ஓடுவாள், ஒருத்தி வீணை வகுப்பில் சேருவாள். நீ ஒரு கிழட்டுப் பெண்குதிரையை வாங்கி, லிவர்மோரை அடுத்த டப்ளினுக்கு வெளியே குன்றடிவாரத்து லாயத்தில் விட்டு, மங்கம்மா என்று பெயரும் வைத்தாய். லாயத்துக்காரர்கள் வாயில் அது மேங்கோ ஆனது. சான் ரமோன் ஆபீசில் பகல் முழுக்க மீட்டிங்கில் பூனை மாதிரி பேசிவிட்டு, சாயங்காலம் அங்கே போய் "அடியே மங்கம்மா, இங்க வாடி" என்று தொண்டை கிழியக் கத்துவாய். உன் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "மாம், ஷி டஸன்ட் நோ டமில்." மங்கம்மா காதைத் திருப்பி உன்னைப் பார்க்கும்.

ஆசை ஒன்றே ஒன்றுதான். கேன்டீனில் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னாய்.

"மெரினால குதிரைய பாத்து பாத்து ஏங்கினவடி நான். கடிக்கும்னு சொல்லி எங்கப்பா ஏறவே விடல. இப்ப என் குதிரைல, கடலோரமா போகணும். அது பக்கத்துலயே டென்ட் போட்டு தூங்கி, காலைல எழுந்து போகணும்."

"பீச்சுல வாடகைக்கு விடறாங்களே, ஒரு ரவுண்டு போயிட்டு வாயேன்."

"வாடகை குதிரைல ரவுண்டு அடிக்க மெரினா போதாதா? அதுக்கா விசா வாங்கிட்டு வந்தேன்?"

அப்படி ஓர் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று அப்போது நமக்குத் தெரியாது. கடலோரத்தில் கேம்ப் ஏராளம். குதிரை என்றதும் கையை விரித்துவிடுவார்கள். குதிரைக்கு இடம் தருகிற கேம்ப் என்றால் கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மலை நிற்கும். ஒன்றில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒன்று காட்டுத்தீக்குப் பிறகு திறக்கவே இல்லை. ஒன்றுக்குப் போகிற சாலையில் குதிரை ட்ரெய்லர் திரும்ப இடம் கிடையாது. இன்னொன்றில் எல்லாம் இருந்தது, குதிரை கட்டும் வேலியைச் சுற்றி மட்டும் தொட்டாலே உடம்பு தடித்து அரிக்கிற பாய்சன் ஓக் செடி மண்டிக் கிடந்தது. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் எல்லாம் போய்விடும், யார்தான் இத்தனை குதிரை வைத்திருக்கிறார்களோ என்று நீ திட்டுவாய். சனிக்கிழமைதோறும் என் காரில் இடம் பார்க்கப் போனோம். நான் ஓட்டுவேன், நீ பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு வழி சொல்வாய்.

உன் மூளைக்குள், வலது பக்கத்தில், ஒரு கட்டி அப்போதே வளர்ந்துகொண்டிருந்தது. பிற்பாடு படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமைகளை இப்போது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் என் கண் முன்னால்தான் நடந்தது. அப்போது எனக்குப் பட்டதெல்லாம், நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது மட்டும்தான்.

காரில் உன் இடது கைப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். பேசினால் பதில் வரும், முகம் திரும்பாது. முறுக்கு டப்பாவை நீட்டினால் அது பாட்டுக்கு என் கையிலேயே இருக்கும்.

"கோவமாடி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உன்மேல கோவப்பட்டு என்னத்த கிழிக்கப் போறேன்?" என்றாய், ரோட்டைப் பார்த்தபடியே.

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த வாரம் முழுக்க உனக்குப் போன் செய்யவில்லை. நீ அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பிறகு உன் கார்க் கண்ணாடி. காரேஜில் நுழைக்கும்போது எல்லோரும் தள்ளி இருக்கிற அந்தப் பக்கத்துக் கண்ணாடியைத்தான் இடிப்பார்கள். நீ உன் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிற, ஓட்டுகிறவள் பக்கத்துக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு கேம்ப்புகளுக்குப் போன் செய்து, "தப்பான நம்பர்னு வருதுடி" என்று அலுத்துக்கொள்வாய். நான் வாங்கிப் பார்த்தால், முன்னால் வரும் ஏரியா கோடை விட்டுவிட்டு மீதியைப் போட்டிருப்பாய். தலைவலி வேறு. "கண்ணாடி பவர் மாறிடுச்சு போல. இன்ஷூரன்ஸ்ல புதுசு ஜனவரிலதான் தருவான், அதுவரைக்கும் ஓட்டணும்" என்று மாத்திரையைப் போட்டுக்கொள்வாய்.

அந்தப் பலகையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. ஹாஃப் மூன் பே பக்கம் ஒரு கேம்ப் வாசல். காரை நிறுத்தியதும் நீ குதித்து இறங்கி ஓடினாய்.

"பாத்தியா! ஹார்ஸஸ்னு போட்ருக்கான்! பெருசா போட்ருக்கான்!"

பெரிதாகத்தான் போட்டிருந்தது. 'நோ ஹார்ஸஸ்' என்று.

"முன்னாடி இருக்கற நோவை யாரு படிப்பா, உங்க தாத்தாவா?"

"எங்கடி நோ?"

கிட்டே போய்ப் பார்த்தாய். இன்னும் கிட்டே போனாய். நான் வந்து அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, உன் தாடையைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான், "ஐயோ, ஆமா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். குதிரை ஆசையில் இவளுக்குக் கண்ணே அவிந்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

கடைசியில் பாயிண்ட் ரேயஸ் பக்கம் ஓர் இடம் கிடைத்தது, யாரோ பதிவை ரத்து செய்ததால். உன்னை ட்ரெய்லர் இழுக்க விடக்கூடாது என்று உன் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பாத்து கூட்டிட்டு போங்க. இப்பல்லாம் வீட்டுக்குள்ளயே நிலைப்படில இடிச்சிக்கறா" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். லாயத்துப் பெண்மணி ஒருத்தி ட்ரெய்லரை இழுத்து வந்து, மங்கம்மாவை இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனாள். நான் உன்னை என் காரில், கடலோர ரோட்டைத் தொடாமல், உள்வழியாகக் காட்டுக்குள் புகுந்து அழைத்து வந்தேன். கேம்ப்பிலிருந்து கடல் தெரியாது, காது கொடுத்தால் கேட்கும். டென்ட் அடிக்கும் வரை நீ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாய். பிறகு சட்டென்று பேச்சை நிறுத்தி, "கேக்குதுடி" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மங்கம்மாவுக்குத்தான் அந்த இடம் பிடிக்கவில்லை. கட்டிய வேலிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. உன்னை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் நீ குதிரைமேல், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால். "மகாராணிக்குக் குடை பிடிக்கற மாதிரி வர்றியே" என்று கிண்டல் வேறு. மரங்களுக்கு நடுவில் ஏறிய பாதை ஒரு வளைவில் வெளியே வந்து, செங்குத்தான கரைமேல் வடக்குப் பார்த்துத் திரும்பியது. பனி துளிகூட இல்லை. இடது பக்கம், கீழே, கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல். நானே நடையை நிறுத்திவிட்டேன். நீ கூச்சல் போடுவாய் என்று காத்திருந்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் போய்க்கொண்டே இருந்தாய். ரொம்பச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் மங்கம்மா நின்றுவிட்டது. நீ குதிகாலால் தட்டினாய். நகரவில்லை. மறுபடி தட்டினாய். ஓர் அடி பின்னால் வைத்தது.

"என்னாச்சு இவளுக்கு? பாதை நல்லாத்தானே இருக்கு."

நான் முன்னால் போய்ப் பார்த்தேன். பாதையின் இடது பாதி இல்லை. கரை சரிந்து, கடித்துத் துப்பின மாதிரி, குதிரையின் முன்காலுக்குப் பக்கத்திலிருந்து நேராகக் கீழே போயிருந்தது. மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. நீ அந்தப் பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, சலித்த குரலில் கேட்டாய்.

"கடல் எங்கடி? சத்தம் மட்டும் வந்துட்டே இருக்கு. இன்னும் எவ்ளோ தூரம்?"

விளையாடுகிறாய் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீ விளையாடவில்லை. அத்தனை பெரிய கடல் உன் பாதத்துக்குக் கீழே கிடந்தது, நீ அதைத் தேடிக்கொண்டிருந்தாய். ஏன் என்று தெரியாது, என்ன என்று தெரியாது, ஆனால் உன்னிடம் அதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று மட்டும் பட்டது.

குதிரை என்றால் எட்ட நிற்கிற நான் அன்று கயிற்றைப் பிடித்தேன். "வழி அடைச்சிருக்கு, திரும்பு" என்று சொல்லி, மங்கம்மாவை வலது பக்கமாக, மலையை ஒட்டி, அங்குலம் அங்குலமாகத் திருப்பினேன். அது என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. தெற்குப் பார்த்து நின்றதும் கடல் உன் வலது பக்கம் வந்தது.

"ஐயோ!" என்று அலறினாய். "ஐயோ, இதோ! இதோ இருக்குடி!"

கண்ணீர் வழிந்தது உனக்கு. மங்கம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாத்தியாடி, பாத்தியாடி" என்று அதற்குக் காட்டினாய். உன் வாழ்நாளில் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். நீ அதை உனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, என்னையும் கடல் உருக்கிவிட்டது என்று கேலி செய்தாய்.

"வர்றப்போ ஏன் தெரியல?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டாய்.

"பனி மூடியிருந்துச்சு."

"ஓ" என்று ஒத்துக்கொண்டாய்.

மத்தியானம் புளியோதரை சாப்பிட்டோம். தட்டில் வலது பாதியைக் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைடி, பசிக்குது" என்றாய். இடது பாதி வைத்தது வைத்தபடி இருந்தது. நான் கரண்டியை எடுக்கவில்லை. உன் தட்டை மெல்ல அரை வட்டம் திருப்பி வைத்தேன். "அட, எப்ப வெச்ச?" என்று மீதியையும் சாப்பிட்டாய். அன்று உன் இடது பக்கத்தை விட்டு நான் நகரவே இல்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பெண்மணி நமக்குப் பொறுமையாக விளக்கினார். இடது பக்கம் உனக்கு இருட்டாகத் தெரிவதில்லையாம். இருட்டாக இருந்தால் ஏதோ குறை என்று உனக்கே தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசில் வராதாம். உள்ளது இவ்வளவுதான், முழுசாக இருக்கிறது என்று தோன்றுமாம். தலையை நன்றாகத் திருப்பிப் பார்க்கப் பழகச் சொன்னார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "இனிமே இவ மூஞ்சிய வேற பாக்கணுமா?" என்றாய். ஆபரேஷன், கதிர் வைத்தியம், எல்லாம் ஆயிற்று. உன் கடல் உனக்கு அந்த ஒரு தடவைதான்.

கடைசி வாரம் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருநாள் நான் வந்தபோது வலது பக்கம் நாற்காலி இல்லை. இடது பக்கம் உட்கார்ந்து உன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நிறையப் பேசினேன், நீ கண்ணை மூடியிருந்தாய். கண் விழித்ததும் எதிரில் நின்ற உன் வீட்டுக்காரரைக் கேட்டாய்.

"அவ இன்னும் வரலையா?"

உன் கை என் கைக்குள் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, கட்டிலைச் சுற்றி வந்து, வலது பக்கம் நின்றேன்.

"இப்பத்தான் வந்தேன்டி."

"லேட்டு" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

மங்கம்மா இப்போது என் பொறுப்பு. லாயத்துக்குப் போகிறேன், ஏறுவதில்லை, பக்கத்தில் நடக்கிறேன், தமிழில் திட்டுகிறேன். மற்றபடி வேலை, வீடு, பிள்ளைகளின் காலேஜ் என்று எல்லாம் ஓடுகிறது. ஒன்று மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நடந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று, கழுத்து வலிக்கிற மட்டும் இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். கடையில், பார்க்கிங்கில், என் வீட்டுச் சமையலறையில்கூட. "யார பாக்கற?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். நீ நிற்கிறாயா என்று பாதி, வேறு ஏதாவது நெருங்கி வந்து நிற்கிறதா என்று பாதி. அவரிடம் இதை எப்படிச் சொல்வது? யாருமில்லை என்கிறேன். அங்கே யாரும் இல்லைதான். ஆனால் உனக்கும் அப்படித்தானே தெரிந்தது.